பின்பக்கம் உட்கார்ந்துபோன ஸ்கார்பியோ: ஸ்பேசரா, ஏர் பேக்கா, புது ஸ்பிரிங்கா?

கேள்வி: 2014 ஸ்கார்பியோ வைத்திருக்கிறேன், ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அண்டா, அடுப்பு, மளிகை எல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று ஆட்களோடு போவேன். மற்ற நாட்களில் குடும்பத்துக்கான வண்டி. லோடு ஏற்றியதும் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது, ஸ்பீடு பிரேக்கரில் டொக்கென்று இடிக்கிறது, எதிரே வருபவர்கள் லைட்டைத் தணிக்கச் சொல்லித் திட்டுகிறார்கள். பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. மெக்கானிக் ஸ்பிரிங்கோடு சேர்த்து இரண்டு இன்ச் ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் தடித்த வளையம், போடலாம் என்கிறார். நண்பர் ஸ்பிரிங்குக்குள் ஏர் பேக் வைக்கச் சொல்கிறார். மச்சானோ, பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கைச் சூடு காட்டி இழுத்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது? — நங்கநல்லூர் வாசகர்

பதில்: மச்சான் யோசனையை முதலில் தள்ளிவிடுங்கள். சுருள் ஸ்பிரிங் கணக்குப் பார்த்துச் சூடேற்றி, குளிர்வித்து, பதம் ஏற்றிய எஃகு. அதை கேஸ் கட்டரில் சிவக்கக் காய்ச்சி இழுத்தால் பதம் போய்விடும், கொஞ்ச நாள் உயரமாக நிற்கும், அப்புறம் பழையபடி உட்காரும், இல்லையென்றால் ஒருநாள் நடுரோட்டில் உடையும். பொலேரோ மாதிரி கமான் பட்டை (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) வைத்த வண்டிகளில் பட்டையைக் கழற்றி வளைவை மீட்டுக் கொடுக்கும் வேலை உண்டு, அதுவும் திரும்பப் பதம் ஏற்றத் தெரிந்த இடத்தில் செய்தால்தான் நிற்கும். உங்களுடையது பின்னாலும் சுருள்தான், அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஷாக் அப்சார்பருக்குச் செலவழித்ததும் இந்தப் பிரச்சினைக்கு உதவாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் செய்வது, அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது மட்டும். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் கொஞ்சமே கொஞ்சம் தூக்கும், நூற்றுக்கணக்கான கிலோ ஏறும்போது அது கணக்கிலேயே வராது. ஒரு லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு எப்படியும் ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டியிருந்திருக்கும், அதனால் காசு முழுக்க வீண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். உங்கள் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, இல்லை ஸ்பிரிங் நன்றாக இருந்தும் நீங்கள் ஏற்றுகிற லோடு அதிகமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் யார் எதை மாட்டினாலும் அது குருட்டு வைத்தியம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அளப்பது சுலபம். வண்டியைக் காலி செய்து, டயருக்குச் சரியான காற்று அடித்து, சமதரையில் நிறுத்துங்கள். நங்கநல்லூர் தெருக்களில் சமதரை கிடைக்காவிட்டால் பெட்ரோல் பங்க்கிலோ மண்டபத்து பார்க்கிங்கிலோ நிறுத்தலாம். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து நான்கு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். அப்புறம் வழக்கமான கேட்டரிங் லோடை, ஆட்களோடு சேர்த்து ஏற்றிவிட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். காலியாக இருக்கும்போதே பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தொங்கலாகத் தெரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இடதுக்கும் வலதுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கச் சுருளின் அடிச்சுற்று உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடல்காற்றும் மழைநீரும் சேர்ந்த ஊர் இது. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு குழி பறித்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் உட்காரும் அந்தக் கடைசிச் சுற்று ஒடிந்து கிடக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறக்கி ஏற்றிய வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

காலியில் சரியாக நின்று, லோடு ஏறியதும் மட்டும் உட்கார்ந்தால் எடை போட்டே ஆக வேண்டும். ஒரகடம் பக்கமோ மாதவரம் பக்கமோ லாரிகள் புழங்குகிற இடத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முழு லோடோடு ஒருமுறை மொத்த வண்டியையும், அடுத்து பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி ஒருமுறையும் போடுங்கள். வண்டியின் தகட்டிலோ கையேட்டிலோ மொத்த எடைக்கு ஒரு வரம்பு போட்டிருக்கும், அச்சு வாரியாகக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. மேடை காட்டுகிற எடை அந்த வரம்பைத் தாண்டினால், நான் உட்பட எந்தச் சஸ்பென்ஷன்காரரிடமும் அதற்குத் தீர்வு கிடையாது. ஸ்பேசர், ஏர் பேக், கனமான ஸ்பிரிங் எல்லாமே உயரத்தைத்தான் மாற்றும். ஆக்சில், வீல் பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவிலேயேதான் இருக்கும். பின்பக்கம் உட்காருவதுதான் அதிக லோடைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம், அதை மறைத்துவிட்டு இன்னும் இரண்டு மூட்டை ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களையும் எடையில் சேருங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் என்றாலே 260, 280 கிலோ ஆகிவிடும். வணிக சிலிண்டரில் கேஸ் மட்டுமே 19 கிலோ, இரும்போடு சேர்த்தால் 35 கிலோவுக்கு மேல். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மூடிய வண்டிக்குள் சிலிண்டரை ஏற்றுவதே தப்பு என்பது தனி விஷயம், அதை மண்டபத்துக்கு நேராக ஏஜென்சியிலிருந்து வரவழையுங்கள்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான். உங்கள் வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,680 மில்லிமீட்டர். பின்சக்கர மையத்துக்கு ஒரு மீட்டர் பின்னால், அதாவது கதவை ஒட்டி, 100 கிலோ வைக்கிறீர்கள் என்று வையுங்கள். பின் அச்சில் கூடுவது 100 கிலோ இல்லை, சுமார் 137 கிலோ. அந்த 37 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து தூக்கி எடுத்தது. பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரிதான், பின்னால் அமுங்க அமுங்க முன்னால் எழும்பும். அதனால்தான் லோடோடு ஓட்டும்போது ஸ்டியரிங் லேசாகி, கத்திப்பாரா மேம்பால வளைவில் வண்டி நீங்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளியே போகப் பார்க்கும். அண்டா, அரிசி மூட்டை, எண்ணெய் டின் போன்ற கனமானவற்றை நடு இருக்கையின் முதுகோடு ஒட்டிக் கீழே வைத்து, பட்டை பிடித்துக் கட்டுங்கள். வாழை இலை, பேப்பர் தட்டு, காலிக் கூடை எல்லாம் கதவுப் பக்கம் போகட்டும். கூரை மேல் கேரியர் இருந்தால் அதில் கனமானது எதுவும் வேண்டாம், கூரைக்கு என்று கையேட்டில் போட்டிருக்கும் வரம்பில் கேரியரின் சொந்த எடையும் அடக்கம். இப்படி அடுக்கை மாற்றிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள், பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை போய்விடுகிறது.

இனி ஸ்பேசர். உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், விலை குறைவு, அரை நாளில் வேலை முடிந்துவிடும், வண்டி ஜம்மென்று எழுந்து நிற்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் ஸ்பேசர் ஸ்பிரிங்கை ஒரு துளியும் பலமாக்காது. புரிவதற்காக ஒரு கணக்கு: ஒரு ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 3 கிலோ தாங்குகிறது என்று வைப்போம். பின் அச்சில் 300 கிலோ ஏறினால் ஒரு பக்கத்துக்கு 150 கிலோ, 50 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு இன்ச் ஸ்பேசர் போட்ட பிறகும் அதே 50 மில்லிமீட்டர்தான் இறங்கும், ஆரம்பிக்கும் இடம்தான் 50 மில்லிமீட்டர் மேலே போயிருக்கும். மில்லிமீட்டருக்கு 4 கிலோ தாங்குகிற ஸ்பிரிங் என்றால் 37, 38 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஓட்டும்போது பெரிய வித்தியாசம்.

அந்த இரண்டு இன்ச் தூக்கலுக்கு நீங்கள் மற்ற நாட்களில் விலை கொடுப்பீர்கள். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே பாதி நீண்ட நிலையில் இருக்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முழுக்க நீண்டு தடுக்கென்று இழுபடும். புதிதாகப் போட்ட ஷாக் அப்சார்பர் இப்படித்தான் சீக்கிரம் கசிய ஆரம்பிக்கும். பெரிய மேட்டில் சக்கரம் முழுக்க மேலேறும்போது ஸ்பிரிங் முன்பைவிட 50 மில்லிமீட்டர் கூடுதலாக நசுங்க வேண்டும், சுருளும் சுருளும் முட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. பின்னால் மட்டும் இரண்டு இன்ச் தூக்கினால் வண்டி முழுக்க ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னால் சாயும், முன்சக்கரத்தின் காஸ்டர் கோணமும் (ஸ்டியரிங்கை நேராக நிற்க வைக்கும் சாய்வு) அந்த ஒரு டிகிரி குறையும். ஜிஎஸ்டி சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் அலைகிற மாதிரி இருக்கிறது என்று வந்து சொல்வீர்கள். அதற்கு அலைன்மென்ட் பார்த்துப் பார்த்து இன்னொரு செலவு. புது ஸ்பிரிங் போட்ட பிறகும் உயரம் கொஞ்சம் போதவில்லை என்றால் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு இன்ச் வேண்டவே வேண்டாம்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சுருளின் இடுக்கில் செருகும் ரப்பர் பஃபர் கிடைக்கும், யாராவது அதையும் உங்களிடம் சொல்வார்கள். அது இருக்கிற இடத்தில் சுருள் அசையாது, மீதிச் சுற்றுகள் மட்டும் வேலை செய்யும், அதனால் ஸ்பிரிங் கடினமான மாதிரி தோன்றும், அந்த மீதிச் சுற்றுகளுக்குத்தான் கூடுதல் பாடு. ஏற்கெனவே தளர்ந்த, துருப்பிடித்த ஸ்பிரிங்கில் அதைப் போடாதீர்கள். சுருளுக்குள் டென்னிஸ் பந்து திணிக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதாக இல்லை.

ஏர் பேக் என்று உங்கள் நண்பர் சொல்வது சுருளுக்குள் செருகும் தடித்த காற்றுப் பை. உங்களைப் போல மூன்று நாள் லோடு, நான்கு நாள் காலி என்று ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. லோடு ஏற்றும்போது காற்று அடிக்கலாம், இறக்கியதும் குறைத்துவிடலாம். பெரும்பாலான பைகளுக்கு 5 பிஎஸ்ஐ குறைந்தபட்சம், 35 பிஎஸ்ஐ அதிகபட்சம் என்ற மாதிரி வரம்பு இருக்கும், வாங்குகிற பையின் அட்டையில் பாருங்கள். காலியாக ஓட்டும்போதும் அந்தக் குறைந்தபட்சக் காற்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பை மடங்கிச் சுருளில் சிக்கிக் கிழியும். இரண்டு பைக்கும் ஒரே குழாயை டி போட்டு இணைத்துக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். வளைவில் வண்டி சாயும்போது அமுங்குகிற பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், சாய்வு இன்னும் கூடும். தனித்தனி குழாய், தனித்தனி வால்வு, அதுதான் சரி. சில வண்டிகளில் ஆக்சில் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் சுருளுக்குள்ளேயே இருக்கும், அதை வெட்டினால்தான் பை நுழையும். அப்படி வெட்டிவிட்டால் பை வெடித்த அன்று ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெத்தென்று எதுவும் இருக்காது. ஆகவே வேலை கொடுப்பதற்கு முன் எதை வெட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். சைலன்சர் குழாய் பக்கத்தில் போகிறதா என்றும் பாருங்கள், சூட்டில் பை தாங்காது. இன்னொன்று, கமான் பட்டை வைத்திருக்கும் நண்பர் யாராவது உங்களைப் பார்த்துவிட்டு ஏர் பேக் போட ஆசைப்பட்டால் எச்சரியுங்கள். பட்டையில் லோடு சேஸிஸில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் பிரிந்து இறங்குகிறது, பை போட்டால் நடுவில் ஒரே இடத்தில் குத்தும். அதிக லோடில் சேஸிஸ் வளைந்த கதைகள் அப்படித்தான் வருகின்றன. சுருளுக்குள் வைக்கும்போது சுருள் உட்காரும் அதே இடத்தில்தான் பையும் உட்காருகிறது, அந்தப் பயம் இல்லை.

கனமான ஸ்பிரிங் என்பது எப்போதும் லோடோடு இருக்கிற வண்டிக்கு. பின்னால் நிரந்தரமாகத் தண்ணீர்த் தொட்டி, அலமாரி, கருவிப் பெட்டி என்று வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்காரும் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். காலியில் வண்டி குதிக்கும், பழைய அளவு ஷாக் அப்சார்பரால் அந்தத் துள்ளலை அடக்கவும் முடியாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். முதலில் அடுக்கை மாற்றுவேன், எடை போடுவேன். வரம்புக்குள் இருந்தால் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் ஒரு ஜோடி, மேலும் கீழும் உட்காரும் ரப்பர் பேடு, பம்ப் ஸ்டாப், எல்லாம் புதிதாக. இத்தனை கிலோமீட்டர் லோடு சுமந்த ஸ்பிரிங்குக்கு இது நியாயமான வயதுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஸ்பிரிங் வாங்காதீர்கள், உங்களுடையது எப்படித் தளர்ந்ததோ அப்படித்தான் அதுவும் தளர்ந்திருக்கும். ஒரே மாடலில் இருக்கை அமைப்பைப் பொறுத்து ஸ்பிரிங் வேறுபடலாம், சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். அதைப் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். லோடு நாட்களில் இன்னும் இடித்தால் அப்போது ஏர் பேக். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது, தேவையில்லாத செலவாகவும் முடியலாம்.

எடை வரம்பைத் தாண்டினால் பெரிய முகூர்த்த நாட்களில் பாத்திரத்துக்கு ஒரு குட்டி யானை பிடித்துவிடுங்கள், நீங்களும் ஆட்களும் மட்டும் ஸ்கார்பியோவில் போங்கள். வாடகை கணக்குப் பார்த்தால் வீல் பேரிங் மாற்றுவதைவிடக் குறைவு.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். சுருளின் நுனி கிண்ணத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார வேண்டும். பின் ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் போல்ட்டை லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முழுக்க முறுக்கிவிடுவது நம் ஊரில் வழக்கம், அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். ஏபிஎஸ் இல்லாத மாடல் என்றால் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பி போட்டு பிரேக் வால்வு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று முடிவு செய்யும் வால்வு அது. நீங்கள் வண்டியைத் தூக்கிவிட்டால், லோடு இருக்கும்போதும் காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. உயரம் மாறினால் அந்தக் கம்பியையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும், பல பட்டறைகளில் இதைத் தொடுவதே இல்லை.

லைட் விஷயத்துக்கு இன்றைக்கே ஒரு தற்காலிக வழி இருக்கலாம். டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள், பின்னால் லோடு இருக்கும்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும். ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டயருக்கு லோடு நாட்களில் எவ்வளவு காற்று என்று கம்பெனி தனியாகச் சொல்லியிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். டயர் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து வரும் எண் அது தாங்கும் எடையைச் சொல்லும், 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. எப்போதாவது மலிவாக வேறு டயர் மாற்றியிருந்தால் அந்த எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கம்பெனி அளவு ஸ்பிரிங் போடுவதில் எந்தச் சிக்கலும் வராது. ஏர் பேக் போடுவதாக இருந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்கூட்டிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காலி அளவு, லோடு அளவு, மேடையில் வந்த இரண்டு எடை, வண்டியின் வேரியன்ட், இவ்வளவையும் எழுதி அனுப்பினால் உங்களுக்கு ஏர் பேக் தேவைப்படுமா படாதா என்பதை ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும்.